பயத்துக்கு ஒரு பாட்டில்

(தலைப்பு: மனிதன் பெரிதும் ஏமாறுவது ஆசையினாலா? அச்சத்தினாலா? 'அச்சத்தினாலே' என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி என்ன போடு போட்டார்! சீட்டுக் கம்பெனி என்றார். பணம் இரட்டிப்பு என்றார். மண்ணுளிப் பாம்பு என்றார். இரிடியம் என்றார். அவர் பட்டியல் போட்ட வேகத்தைப் பார்த்தால் எனக்கே ஒரு சந்தேகம். நடுவர் அவர்களே, இவ்வளவு விவரம் கேள்விப்பட்டு வந்த மாதிரித் தெரியவில்லை, கொஞ்சம் பணம் கட்டிவிட்டு வந்த மாதிரித் தெரிகிறது. (சிரிப்பு)

ஆசையினால் மனிதன் ஏமாறுவதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னால் என் வீட்டு அம்மாவே நம்ப மாட்டார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு மனை வாங்கினேன். இன்றைக்கும் மழைக்காலத்தில் அதைப் பார்க்கப் பரிசல்தான் வேண்டும். (சிரிப்பு) ஆனால் ஒன்று பாருங்கள். ஆசையினால் ஏமாந்தவன் மறுநாளே தெருவுக்கு வந்து சத்தம் போடுவான். "என் பணம் போச்சே!" என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்பான். அச்சத்தினால் ஏமாந்தவன் சத்தமே போட மாட்டான். தான் ஏமாந்தோம் என்பதே பல பேருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. சத்தம் வராததனால்தான் எதிரணிக்குக் கணக்குத் தப்பிப்போகிறது.

தம்பி பேசும்போது "அமெரிக்காவைப் பாருங்கள், ஆசைதான் அங்கே ஆட்சி செய்கிறது" என்றார். சரி, அமெரிக்காவுக்கே போவோம். விசா வேண்டாம், விமானச் சீட்டு வேண்டாம். நான் கூட்டிக்கொண்டு போகிற அமெரிக்கா நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய அமெரிக்கா.

நியூயார்க் மாநிலத்திலே ராச்செஸ்டர் என்று ஓர் ஊர். அந்த ஊரிலே ஹல்பர்ட் ஹாரிங்டன் வார்னர் என்று ஒருவர். என்ன தொழில்? இரும்புப் பெட்டி விற்கிறவர். தீப்பிடித்தாலும் உள்ளே இருக்கும் காசும் பத்திரமும் கருகாத இரும்புப் பெட்டி. இங்கிலீஷிலே அதற்கு 'சேஃப்' என்று பேர். பெட்டிக்கும் 'சேஃப்', பாதுகாப்புக்கும் 'சேஃப்'. இந்தச் சிலேடையை மனசிலே வைத்துக்கொள்ளுங்கள். காளமேகப் புலவர் சிலேடை பாடிப் புகழ் சம்பாதித்தார். இந்த மனுஷன் ஒரே ஒரு சிலேடையை வைத்துக் கோடீஸ்வரர் ஆனார்.

அவர் சொன்ன கதை இது. அவருக்குச் சிறுநீரக நோய் வந்துவிட்டதாம். டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்களாம். அப்போது கிரெய்க் என்ற ஒருவருடைய மருந்தைக் குடித்தாராம், பிழைத்துக்கொண்டாராம். உடனே அந்த மருந்தின் செய்முறை உரிமையையே விலைக்கு வாங்கிவிட்டார். 1879-ஆம் ஆண்டு விற்பனையைத் தொடங்கினார். மருந்தின் பெயர் 'வார்னர்ஸ் சேஃப் கிட்னி அண்ட் லிவர் க்யூர்'. சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் ஒரே மருந்து. பாட்டில் கண்ணாடியிலேயே இரும்புப் பெட்டியின் படம் புடைப்பாக வார்த்திருக்கும். பார்க்கிறவன் மனசிலே என்ன தோன்றும்? "பெட்டியிலே வைத்த பணம் மாதிரி என் உயிர் பத்திரமாக இருக்கும்" என்றுதானே தோன்றும்?

உள்ளே என்ன இருந்தது? மருந்து நூல்களிலே அச்சாகியிருக்கிற அதன் செய்முறையைச் சொல்கிறேன். சில மூலிகைகளின் சாறு, கிளிசரின், வெடியுப்பு, கொஞ்சம் சாராயம். மூலிகையிலே ஒன்று, இலை மூன்று மடலாக ஈரலின் வடிவத்திலே இருக்கும். அதனால் அது ஈரலுக்கு நல்லது என்று ஐரோப்பாவிலே பழைய நம்பிக்கை. அதாவது நடுவர் அவர்களே, வடிவம் ஒத்துப்போனால் வைத்தியம் முடிந்தது. அந்தக் கணக்குப்படி பார்த்தால், என் தலைக்குப் பூசணிக்காய் கைகண்ட மருந்து! (சிரிப்பு)

இன்னொன்றையும் கவனியுங்கள். கல்லீரல் நோய்க்கு மருந்து, உள்ளே சாராயம். எரிகிற வீட்டை அணைக்க எண்ணெய்க் குடத்தோடு ஓடின கதை. ஆனால் குடித்தவருக்கு உடம்பு கதகதவென்று இருக்கும், தெம்பு வந்த மாதிரி இருக்கும். வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், சிறுநீரைக் கொஞ்சம் கூடுதலாகப் போகவைக்கும். நோயாளி என்ன நினைப்பார்? "தெம்பு வந்துவிட்டது, நீர் நன்றாகப் பிரிகிறது, மருந்து வேலை செய்கிறது." மருந்து வேலை செய்தது உண்மை. நோயிடத்திலே வேலை செய்யவில்லை, நோயாளியின் நம்பிக்கையிலே வேலை செய்தது. சிறுநீரகம் பழுதானவர் உடம்பிலே பொட்டாசியம் தேங்கினால் இதயத்துக்கே ஆபத்து என்று இன்றைக்கு எந்த டாக்டரும் சொல்வார்.

இப்போது எதிரணி எழுந்து, "ஐயா, வார்னருக்குப் பண ஆசை, அதனால்தானே விற்றார்?" என்று கேட்கும். நல்ல கேள்வி. அதற்குத்தான் காத்திருந்தேன். தலைப்பை இன்னொரு தடவை படியுங்கள். ஏமாற்றுகிறவனைப் பற்றியா தலைப்பு? ஏமாறுகிறவனைப் பற்றி! தூண்டிலைப் போட்டவனுக்கு மீன் மேலே ஆசை, வாஸ்தவம். விற்றவரிடம் ஆசை இருந்தது. வாங்கியவரிடம் என்ன இருந்தது? பங்களா வாங்கும் ஆசையிலா அந்தப் பாட்டிலை வாங்கினார்கள்? "நான் செத்துப்போய்விட்டால் என் பிள்ளை குட்டி என்ன ஆகும்" என்ற பயத்திலே வாங்கினார்கள். (கைதட்டல்)

அந்தப் பயத்தை எப்படி வளர்த்தார்கள் என்பதுதான் முக்கியம். சிறுநீரக நோய்க்கு அந்தக் காலத்திலே 'ப்ரைட் நோய்' என்று பேர். லண்டனிலே கைஸ் ஆஸ்பத்திரியிலே இருந்த ரிச்சர்ட் ப்ரைட் என்ற டாக்டர் 1827-இலே அந்த நோயை விளக்கி எழுதினார். அவருடைய சோதனை எவ்வளவு எளிது தெரியுமா? நோயாளியின் சிறுநீரை ஒரு கரண்டியிலே எடுத்து மெழுகுவர்த்தித் தீயிலே காட்டுவார். முட்டையின் வெள்ளைக்கரு வெந்த மாதிரி வெண்மையாய்த் திரண்டால், உடம்பிலே தங்க வேண்டிய புரதம் நீரோடு ஒழுகிப் போகிறது என்று அர்த்தம். ஒரு கரண்டி, ஒரு மெழுகுவர்த்தி. அவ்வளவுதான்.

வார்னருடைய விளம்பரம் என்ன செய்தது? செய்தி மாதிரியே தொடங்கும், படித்துக்கொண்டே போனால் கடைசியிலே பாட்டிலிலே போய் முடியும். "உங்களுக்கு முதுகு வலிக்கிறதா? காலையிலே அசதியா? பசி குறைவா? தலை கனமா? சிறுநீரகம் கெட்டாலும் வலி தெரியாது, ஆகவே உங்களுக்கே தெரியாமல் நோய் உள்ளே இருக்கலாம்!" கவனித்தீர்களா? வலித்தாலும் நோய், வலிக்காவிட்டாலும் நோய்! தப்பிக்க வழியே இல்லை. முதுகு வலிக்காத குடும்பத் தலைவி உண்டா இந்த நாட்டிலே? அசதி இல்லாத வாத்தியார் உண்டா? (சிரிப்பு)

இதிலே கொடுமை என்னவென்றால், அந்த விளம்பரத்திலே ஒரு பாதி உண்மை. சிறுநீரக நோய் தொடக்கத்திலே பெரும்பாலும் வலிக்காது என்பது உண்மைதான். இன்றைக்கும் டாக்டர்கள் அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த உண்மையைச் சொன்ன பிறகு, "ஆகவே போய்ச் சோதித்துக்கொள்" என்று சொல்ல வேண்டும். அவர்கள், "ஆகவே வாங்கிக் குடி" என்றார்கள். பொய்க்கு முழுப் பொய் தேவையில்லை நடுவர் அவர்களே, பாதி உண்மை கிடைத்தால் போதும்.

வார்னருடைய பணம் பெருகியது. ஊரிலே ஒரு வானாய்வுக்கூடம் கட்டினார். பதினாறு அங்குலத் தொலைநோக்கி வைத்தார். லூயிஸ் ஸ்விஃப்ட் என்ற வானியலாளரை அமர்த்தினார். 1862-இலே 'ஸ்விஃப்ட் டட்டில்' வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்த இருவரிலே ஒருவர் அவர். புதிய வால்நட்சத்திரம் கண்டுபிடிக்கிறவர்களுக்கு 200 டாலர் பரிசு என்று அறிவித்தார். நாஷ்வில் நகரத்திலே போட்டோ ஸ்டூடியோவிலே வேலை பார்த்த எட்வர்ட் பர்னார்ட் என்ற ஏழை இளைஞர் வால்நட்சத்திரமாகக் கண்டுபிடித்துத் தள்ளினார். அந்தப் பரிசுப் பணம் அவர் வீட்டுக் கடனை அடைக்க உதவியது. பிற்காலத்திலே, 1892-இலே, வியாழனின் ஐந்தாவது துணைக்கோளைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

"பார்த்தீர்களா, நல்லதும் செய்திருக்கிறாரே" என்பீர்கள். செய்தார். மறுக்கவில்லை. ஆனால் என் மனசு ஒன்றைக் கேட்கிறது. கோடானுகோடி மைல் தூரத்திலே போகிற வால்நட்சத்திரத்தைப் பார்க்கப் பதினாறு அங்குலக் கண்ணாடி வாங்க முடிந்தவருக்கு, தன் மருந்தைக் குடிக்கிறவன் சிறுநீரைப் பார்க்க ஒரு கரண்டி வாங்கத் தோன்றவில்லையே! (நீண்ட கைதட்டல்)

1893-இலே அமெரிக்காவிலே பெரிய பண நெருக்கடி வந்தது. வார்னர் திவாலானார். தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு ஸ்விஃப்ட் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டார். மருந்து மட்டும் போகவில்லை. கம்பெனி கை மாறி விற்பனை தொடர்ந்தது.

பத்திரிகைகள் ஏன் கேட்கவில்லை என்கிறீர்களா? விளம்பர ஒப்பந்தத்திலே ஒரு விதி எழுதினார்கள் மருந்துக் கம்பெனிக்காரர்கள். "உங்கள் மாநிலத்திலே எங்கள் மருந்துக்கு எதிராகச் சட்டம் வந்தால் இந்த ஒப்பந்தம் ரத்து." சட்டம் வந்தால் பத்திரிகைக்கு வருமானம் போகும். அப்புறம் எந்தப் பத்திரிகை வாய் திறக்கும்? பார்த்தீர்களா, பத்திரிகைக்கும் பயம்!

திறந்தவர்களும் இருந்தார்கள். லிடியா பிங்க்கம் என்ற அம்மையாரின் பெயரிலே ஒரு மருந்து. பெண்களின் நோய்களுக்கென்று பேர் வாங்கியது. ஆண் பெண் இருபாலாரின் சிறுநீரகக் கோளாறுக்கும் இதைவிடச் சிறந்தது இல்லை என்றும் அதிலே போட்டிருந்தது. "உங்கள் அந்தரங்க நோயை ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சமா? பிங்க்கம் அம்மாவுக்கு எழுதுங்கள்" என்று விளம்பரம். பெண்கள் எழுதினார்கள், பதிலும் வந்தது. 1905-இலே 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' பத்திரிகை ஒரு போட்டோ வெளியிட்டது. அந்த அம்மாவின் கல்லறை! 1883-இலேயே இறந்துவிட்டார். இருபத்திரண்டு வருஷமாகச் செத்துப்போன அம்மா சுகவீனத்துக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்! (சிரிப்பு) சிரிக்கிறோம். அந்தக் கடிதங்களை எழுதிய பெண்களின் கூச்சத்தையும் பயத்தையும் நினைத்தால் சிரிப்பு அடங்கிப்போகும்.

அதே 1905-இலே சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்ற எழுத்தாளர் 'காலியர்ஸ்' வார இதழிலே இந்த மருந்துகளைத் தோலுரித்துத் தொடர் எழுதினார். 1906-இலே சட்டம் வந்தது. சாராயம், அபின், கொக்கெய்ன் போன்றவை இருந்தால் அளவை லேபிளிலே போட வேண்டும் என்றார்கள். ஆனால் 1911-இலே அமெரிக்க உச்ச நீதிமன்றம், "உள்ளே என்ன இருக்கிறது என்பதிலே பொய் சொன்னால்தான் இந்தச் சட்டப்படி குற்றம், குணமாகும் என்று சொல்வது இதிலே அடங்காது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. மறு வருஷமே, 1912-இலே, சட்டத்தைத் திருத்தினார்கள். நம்ம வார்னர் பாட்டில் என்ன ஆயிற்று? 'க்யூர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ரெமடி' என்று போட்டுக்கொண்டார்கள். நான் தமிழ் வாத்தியார். ஒரு சொல் எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். 'குணப்படுத்தும்' என்ற சொல் போய், வெறும் 'மருந்து' என்ற சொல் வந்தது. அந்த ஒரு சொல்லை நம்பி அதற்கு முன்னால் குடித்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

சரி, அமெரிக்கா போதும், ஊருக்குத் திரும்புவோம். "இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, நமக்கென்ன?" என்று எதிரணி அம்மா தலையை ஆட்டுகிறார்கள். நான் ஏன் இந்த வார்னர் கதையைத் தேடித் தேடிப் படித்தேன் என்று சொல்கிறேன். இதை நான் மேடையிலே சொன்னதில்லை. இன்றைக்குத் தலைப்பு கேட்பதனால் சொல்கிறேன்.

1990-ஆம் ஆண்டு. நான் மதுரையிலே எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் தாய்மாமா. கைத்தறி நெசவாளர். குழித்தறி. அப்பா இல்லாத என்னைப் படிக்கவைத்தவர் அவர்தான். அவருக்குக் காலையிலே முகம் உப்ப ஆரம்பித்தது. தறி மிதிக்கிற கால் வீங்கியது. அத்தை "ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று மன்றாடினார்கள். போகவில்லை. ஒரு நாள் நான் ஊருக்குப் போனபோது ஒரு பத்திரிகைத் துண்டை நீட்டினார். "மருமகனே, இதை வாசிச்சுச் சொல்லுப்பா" என்றார். சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு, கால் வீக்கம், எல்லாவற்றுக்கும் ஒரே டானிக் என்று போட்டிருந்தது. வாசித்தேன். "நிஜமா இருக்குமா?" என்று கேட்டார். நடுவர் அவர்களே, எம்.ஏ. படிக்கிற நான் சொன்ன பதில் இது: "பத்திரிகையிலேயே போட்டிருக்கான் மாமா, பொய்யா போடுவான்?"

மதுரையிலே ஒரு கடையிலே அது கிடைத்தது. ஒரு பாட்டில் நாற்பத்தைந்து ரூபாய். ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் வாங்கிக்கொண்டு போவேன். மாமாவுக்குச் செய்கிறோம் என்று எனக்கு அவ்வளவு பெருமை. "கொஞ்சம் தேவலைப்பா" என்பார். எட்டு மாதம் போயிற்று. ஒரு நாள் மூச்சு வாங்க, தூக்கிக்கொண்டு மதுரைக்கு ஓடிவந்தோம். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். சிறுநீரைச் சோதித்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தார். "எத்தனை மாசமா கால் வீக்கம்?" என்றார். சொன்னோம். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ரத்தக் கொதிப்பு ரொம்ப நாளா இருந்திருக்கு. அப்பவே வந்திருந்தா மாத்திரையிலே பிடிச்சு நிறுத்தப் பார்த்திருக்கலாமே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த ஆடிக்கு மாமா இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து தறிக்குழியைச் சுத்தம் செய்தோம். உள்ளே வரிசையாகப் பாட்டில்கள். எண்ணினேன், பதினொன்று. பதினொன்றும் நான் வாங்கிக் கொடுத்தவை. அதிலே நான்கு பாட்டில் மூடியே திறக்கவில்லை. எனக்குப் புரியவில்லை. குடிக்காத மருந்தை ஏன் மறுபடி மறுபடி வாங்கி வரச் சொன்னார்? அத்தைதான் சொன்னார்கள்: "ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா, 'அதான் மருமகன் மருந்து வாங்கியாந்திருக்கானே'ன்னு பாட்டிலைக் காட்டுவாரு. டாக்டரு என்ன பேரு சொல்லிருவாரோன்னு அவருக்குப் பயம்டா."

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அந்தக் கடைக்காரன் எங்களுக்கு மருந்தை விற்கவில்லை. டாக்டரிடம் போகாமல் இருப்பதற்கு ஒரு காரணத்தை விற்றான். மாமா நோய்க்குப் பயப்பட்டதைவிட, நோயின் பெயரைக் கேட்கப் பயந்தார். வீட்டிலே ஒரு பாட்டில் இருக்கிற வரைக்கும் அந்தப் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. நாற்பத்தைந்து ரூபாய்க்கு அது மலிவுதானே என்று அவர் நினைத்திருக்கிறார். எதிரணித் தம்பி, நீங்கள் சொன்ன சீட்டுக் கம்பெனி பணத்தைக் கொண்டுபோகும். பணம் மறுபடியும் சம்பாதித்தால் வரும். எங்களிடமிருந்து போனது எட்டு மாதம். அதை எந்தக் கம்பெனி மேலே கேஸ் போட்டு வாங்குவது?

நம் நாட்டிலே சட்டம் இல்லையா? இருந்தது. மாயமந்திர மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-இலேயே சட்டம் இயற்றினார்கள். இன்னின்ன நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்யவே கூடாது என்று ஒரு நீண்ட பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலை ஒரு நாள் எடுத்துப் படித்தேன். ஐந்தாவது பெயர், ப்ரைட் நோய்! லண்டன் டாக்டர் கரண்டியிலே காய்ச்சிப் பார்த்த அதே நோய். வார்னர் பாட்டிலிலே அடைத்து விற்ற அதே நோய். உடம்பு நீர்கோத்து வீங்குவதும் அந்தப் பட்டியலிலே இருக்கிறது. சட்டம் எங்களுக்காக எழுதி வைக்கப்பட்டிருந்தது. படிக்கத் தெரிந்த நான் படித்தது விளம்பரத்தை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாரும் சண்டைக்கு வரக்கூடாது. நான் சித்த வைத்தியத்துக்கு எதிரி இல்லை. நம் சித்தர் மரபிலே நாடி பிடிப்பார்கள். நீர்க்குறி, நெய்க்குறி என்று உண்டு. நோயாளியின் சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பார்கள், அதிலே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அது பரவுகிற விதத்தைப் பார்ப்பார்கள். லண்டன் டாக்டர் கரண்டியிலே காய்ச்சினார், நம் வைத்தியர் எண்ணெய்ச் சொட்டு விட்டார். முறை வேறு, ஆனால் இரண்டு பேரும் முதலிலே நோயாளியைப் பார்த்தார்கள். பார்க்காமலே மருந்து கொடுப்பது பாட்டில் ஒன்றுதான்.

வள்ளுவர் மருந்துக்கென்று ஓர் அதிகாரமே வைத்தார். அதன் கடைசிக் குறளிலே வைத்தியத்துக்கு நான்கு கால் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலே இருந்து பார்த்துக்கொள்கிறவர். நாலு கால் இருந்தால்தான் கட்டில் நிற்கும். விளம்பர மருந்திலே மருத்துவர் கிடையாது. ரகசியமாகக் குடிப்பதனால் பக்கத்திலே இருப்பவரும் கிடையாது. இரண்டு கால் கட்டிலிலே எங்கள் மாமாவைப் படுக்கவைத்தேன்.

(நடுவர் மணியைத் தொடுகிறார்) இதோ முடித்துவிட்டேன் ஐயா. மணியைத் தொட்டாலே எனக்கும் பயம்தான். (சிரிப்பு)

எதிரணி கடைசியாக ஒரு வாதம் வைப்பார்கள்: "அச்சம் நல்லதுதானே? அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதுதான் அறிவு என்று வள்ளுவரே சொல்கிறாரே?" சொல்கிறார். நானும் ஒப்புக்கொள்கிறேன். சாலையைக் கடக்கப் பயப்படுகிறவன் இரண்டு பக்கமும் பார்ப்பான். அது கண்ணைத் திறக்கிற பயம். கண்ணை மூடிக்கொள்கிற பயமும் ஒன்று உண்டு. ஏமாற்றுக்காரன் காத்துக்கொண்டிருப்பது இந்த இரண்டாவது பயத்துக்காகத்தான்.

ஆகவே வீட்டிலே பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும்தான் சிறுநீரகத்தைக் கெடுப்பதிலே முன்னால் நிற்பவை. இந்த இரண்டிலே ஒன்று இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை சிறுநீரிலே புரதம் போகிறதா என்று பாருங்கள், ரத்தத்திலே கிரியேட்டினின் பாருங்கள். கை வலி, கால் வலி என்று நீங்களாகவே வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், அதுவும் சிறுநீரகத்தைத் தாக்கும். கண்ணும் முகமும் மஞ்சளாகத் தெரிந்தால், அது எதனாலே வந்த காமாலை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு மருந்து சாப்பிடுங்கள். வீட்டிலே யாராவது ஒருவர் ஒரு பாட்டிலைக் காட்டி "அதான் மருந்து சாப்பிடறேனே" என்றால், அந்தப் பாட்டிலோடு சண்டை போடாதீர்கள். "என்ன பயம் உங்களுக்கு?" என்று பக்கத்திலே உட்கார்ந்து கேளுங்கள். நான் என் மாமாவிடம் விளம்பரத்தை வாசித்துக் காட்டினேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

நடுவர் அவர்களே, ஆசைக்கு ஒரு எல்லை உண்டு, கையிலே இருக்கிற காசு தீர்ந்தால் ஆசையும் அடங்கும். பயம் காசு தீர்ந்த பிறகும் கடன் வாங்கிக்கொண்டு போய் ஏமாறும். எனவே மனிதன் பெரிதும் ஏமாறுவது அச்சத்தினாலே, அச்சத்தினாலே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு, என்னைப் படிக்கவைத்த என் மாமாவை நினைத்து விடைபெறுகிறேன்.